‘ஒண்ணும் சொல்லலையே... அப்போ நார்மல்தான்!’ - இந்த நம்பிக்கை ஏன் ஆபத்து?

“அக்கா, போன மாசம் பாப் ஸ்மியர் எடுத்தாங்களே, ரிப்போர்ட் என்ன ஆச்சு?”

“ஒண்ணும் சொல்லலையே... அப்போ நார்மலாத்தான் இருக்கும்.”

நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால், லேபிலிருந்து தகவல் வராமல் போக வேறு காரணங்களும் உண்டு. சாம்பிளில் போதுமான செல்கள் இல்லாமல் இருக்கலாம். உங்கள் போன் நம்பர் மாறியிருக்கலாம். ரிப்போர்ட் ரெடியாகி, யாரும் வாங்காமல் கம்ப்யூட்டரிலேயே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

இந்தத் தாமதத்தால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள், ஹெச்.ஐ.வி தொற்றுடன் வாழும் பெண்கள்.

ஏன் அவர்களுக்கு ஆபத்து அதிகம்?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லா நேரங்களிலும் ஹெச்.பி.வி என்ற வைரஸால் வருகிறது. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் ஹெச்.ஐ.வி வேறு, ஹெச்.பி.வி வேறு. ஹெச்.பி.வி மிகச் சாதாரணமான தொற்று. பெரும்பாலானவர்களின் உடல், ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அதை விரட்டிவிடும். ஹெச்.ஐ.வியால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தால், அந்த வைரஸ் உள்ளேயே தங்கிவிடும்.

இதனால் ஹெச்.ஐ.வி உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 6 மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொதுவாக, மாறிய செல்கள் புற்றுநோயாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். சிகிச்சை எடுக்காத ஹெச்.ஐ.வி போன்ற நிலைகளில் அது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கிவிடலாம்.

‘அதான் கூட்டு மருந்து சிகிச்சை இருக்கே’ என்கிறீர்களா? அந்த மருந்துகள் ஆயுளை நீட்டியிருக்கின்றன. நீண்ட நாள் வாழ்கிறவர்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனையும் நீண்ட நாள் தேவை. அதனால்தான் மற்றவர்களுக்கு 30 வயதில் பரிசோதனையைத் தொடங்கச் சொல்லும் உலக சுகாதார நிறுவனம், இவர்களுக்கு 25 வயதிலேயே தொடங்கி 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது.

லேபில் என்ன நடக்கிறது?

கர்ப்பப்பை வாயிலிருந்து சிறு பிரஷ் அல்லது குச்சியால் செல்களை எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் தடவுவார்கள். அதை உடனே ஆல்கஹாலில் போட வேண்டும். காற்றில் காய்ந்துவிட்டால் செல்லின் உருவமே மாறிப்போகும். பிறகு சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். செல்லின் கரு பெருத்திருக்கிறதா, அடர்த்தியாகக் கறுத்திருக்கிறதா, ஓரம் கோணலாக இருக்கிறதா என்பதுதான் தேடல்.

ஆயிரக்கணக்கான செல்களுக்கு நடுவே மாறியவை பத்தோ இருபதோ இருக்கலாம். கண் அசந்தால் தப்பிவிடும். அமெரிக்காவில் சில லேப்கள் ஊழியர்களை அவசர அவசரமாக ஸ்லைடு பார்க்க வைத்தது 1987-ல் பத்திரிகைச் செய்தியாக வெடித்தது. அதற்குப் பிறகு வந்த சட்டத்தின் கீழ், ஒருவர் ஒரு நாளில் அதிகபட்சம் 100 ஸ்லைடுகள்தான் பார்க்கலாம் என்று வரம்பு வைத்தார்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகும் சிக்கலா?

ஆமாம். அயர்லாந்தில் நடந்தது இதற்கு உதாரணம். விக்கி ஃபீலன் என்ற பெண்ணுக்கு 2011-ல் எடுத்த ஸ்மியர் ‘நார்மல்’ என்று வந்தது. 2014-ல் அவருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பழைய ஸ்லைடை மறுபடி பார்த்தபோது, முதல் ரிப்போர்ட் தவறு என்று தெரிந்தது. ஆனால், அந்த உண்மை அவரிடம் சொல்லப்பட்டது 2017-ல்தான்! 2018-ல் அவர் நீதிமன்றம் போன பிறகே, இப்படி மறு ஆய்வு செய்யப்பட்ட பெண்கள் 200-க்கும் மேல் என்பதும், பெரும்பாலானோருக்கு அது தெரிவிக்கப்படவில்லை என்பதும் வெளியே வந்தது. ஃபீலன் 2022-ல் இறந்துபோனார்.

அவருக்கு ஹெச்.ஐ.வி இல்லை. ஆனாலும் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். தகவல் எங்கோ பதிவாகியிருந்தால் மட்டும் போதாது, உரியவர் கைக்குப் போக வேண்டும்.

இதன் மறுபக்கத்தை நம்ம திண்டுக்கல் காட்டியது. அங்கே நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். சிகிச்சை தேவைப்பட்டவர்களில் பொருத்தமானவர்களுக்கு அன்றைக்கே சிகிச்சையும் கிடைத்தது. ‘அப்புறம் வாங்க’ என்ற பேச்சு குறைந்தது. 2007-ல் வெளியான முடிவின்படி, இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன.

இப்படி வழிகாட்டிய நாட்டில், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்தவர்கள் 1.9 சதவீதம்தான். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம்.

என்ன செய்யணும்?

ஹெச்.ஐ.வி உள்ள பெண் மருந்து வாங்க ஏ.ஆர்.டி மையத்துக்குத் தவறாமல் வருகிறார். அவருடைய வைரல் லோடு எப்போது பார்க்க வேண்டும் என்று அங்கே கணக்கு இருக்கிறது. அதே பதிவில் ‘கடைசி ஸ்மியர் எப்போது, ரிசல்ட் என்ன, அடுத்தது எப்போது’ என்ற 3 கட்டங்களைச் சேர்ப்பது கஷ்டமா? தேதி தாண்டினால் கம்ப்யூட்டரே நினைவூட்டட்டும். அசாதாரண ரிசல்ட் வந்து, 2 வாரமாகியும் நோயாளி வரவில்லை என்றால், ஒரு பெயர் கொண்ட பொறுப்பாளர் போன் செய்யட்டும்.

‘எல்லாத்தையும் இணைச்சா ரகசியம் வெளியே போயிடுமே’ என்ற பயம் நியாயமானது. இதில் சமரசமே கூடாது. 2017-ம் ஆண்டு ஹெச்.ஐ.வி சட்டம், ஒருவரின் தொற்று நிலையை ரகசியமாகக் காப்பதைக் கட்டாயமாக்குகிறது. சாம்பிள் பாட்டிலில் சிவப்பு மையால் எழுதுவதற்கு மருத்துவக் காரணமும் இல்லை. எந்த சாம்பிளாக இருந்தாலும், தொற்று இருக்கலாம் என்று நினைத்தே கையாள வேண்டும் என்பதுதான் லேப் விதி. பாட்டிலில் பார்கோடு போதும். தொற்று விவரம் நோயாளியின் சம்மதத்தோடு சிகிச்சை தரும் டாக்டருக்கும் பதாலஜிஸ்டுக்கும் மட்டும் திறக்க வேண்டும். யார், எப்போது ஃபைலைத் திறந்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும். உண்மையில், மேஜையில் கிடக்கும் நோட்டுப் புத்தகத்தைவிட இது பாதுகாப்பானது.

உங்களுக்கும் உங்கள் வீட்டினருக்கும்...

* சாம்பிள் கொடுக்கும்போதே ‘ரிப்போர்ட் என்னைக்கு, யார்கிட்ட வாங்கணும்?’ என்று கேளுங்கள்.
* ஸ்லைடு அல்லது பாட்டிலில் உங்கள் பெயரும் எண்ணும் சரியா என்று பாருங்கள்.
* ‘போதுமான செல் இல்லை’ என்று வந்தால் அது நார்மல் இல்லை. மறுபடி எடுக்க வேண்டும்.
* ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.
* அசாதாரணம் என்றால் உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

முன்கூட்டியே தடுக்கக்கூடிய நோய் இது. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் ஒரு பெண், இந்த நோயால் இறந்தால் அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. பரிசோதனை செய்யச் சொல்லும் பொறுப்பும், முடிவைத் தேடிப் போய்ச் சொல்லும் பொறுப்பும் சுகாதாரத் துறையுடையது.