அரணும் அயலும்

சென்ற மாதம் எங்கள் பாடசாலைத் தமிழ் மன்றத்தில் ஒரு விவாதம் நடந்தது. 'நாட்டிற்குச் சிறந்த அரண் படைக்கருவியே' என்பது பொருள். கேகாலை மாவட்டத்து மலைச்சரிவில், இறப்பருக்கும் தேயிலைக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கும் சிறிய பாடசாலை எங்களுடையது. அங்கே இத்தகைய பொருளை எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் சங்ககாலக் கோட்டைகளைப் பற்றிப் பேசுவார்கள் என்றே நான் எண்ணியிருந்தேன். ஆனால் பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி எழுந்து, 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியாவும் பாக்கிஸ்தானும் நான்கு நாட்கள் பொருதியதைப் பற்றிப் பேசினாள். வானிலே வந்த ஏவுகணைகளை வானிலேயே மறித்த கருவிகளைப் புகழ்ந்தாள். கைதட்டலும் பெற்றாள். மன்றம் கலைந்த பின்னர், தனியே என்னிடம் வந்து கேட்டாள்: "சேர், எங்கள் பாட்டி கூடலூரில் இருக்கிறார். அந்தக் கவசம் இருந்தால் பயமே இல்லைதானே?"

அவ்வேளையில் நான் விடை கூறவில்லை. கூறத்தக்க விடை என்னிடம் இருக்கவில்லை என்பதே உண்மை. இக்கட்டுரையை அந்த விடையாகக் கொள்க.

வள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நூலில் அது எழுபத்தைந்தாவது. நீர், வெளிநிலம், மலை, காடு என அரணின் உறுப்புகளை எண்ணிச் சொன்ன அப்பெருந்தகை அவற்றுள் எதனையும் இகழவில்லை. அரண் வேண்டாம் என்பவன் ஆட்சி அறியாதவன். ஆகவே, ஏவுகணைத் தடுப்பை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று.

அதன் பக்கத்து நியாயத்தை முதலிற் சொல்லிவிடுவோம். 1998ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியா பொக்ரானிலும், அதே மாத இறுதியிற் பாக்கிஸ்தான் தன் மண்ணிலும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன. அணுக்கருவியைத் தான் முதலிற் கையாளுவதில்லை என்பது இந்தியா அறிவித்த கொள்கை. பாக்கிஸ்தான் அத்தகைய உறுதி எதனையும் ஏற்கவில்லை. முதலடி தன்னுடையதன்று எனச் சொல்லிவிட்ட நாடு, அயலான் முதலில் அடித்தால் அவ்வடியைத் தாங்குவதற்கு வழி தேடுவது இயல்பன்றோ? 2006ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி, ஒடிசாக் கடலோரத்தில், ஏறிவந்த ஓர் ஏவுகணையை ஏறத்தாழ 50 கிலோமீற்றர் உயரத்தில் மற்றோர் ஏவுகணை மோதியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் 15 கிலோமீற்றர் உயரத்திலும் அது நிகழ்ந்தது. மேலே ஒரு வலை, அது தவறினால் கீழே மற்றொரு வலை. இதுவே ஏற்பாடு. 2018இல் உருசியாவிடமிருந்து எஸ்-400 என்னும் தொகுதிகளை வாங்க உடன்பாடு செய்தார்கள். 2025ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று, 2035க்குள் நாடு முழுவதற்கும் 'சுதர்சன சக்கரம்' என்னும் காப்பு அமைக்கப்படும் எனப் பிரதமர் மோடி அறிவித்தார்.

இவற்றைச் செய்துகாட்டிய விஞ்ஞானிகளின் திறமையில் எவர்க்கும் ஐயமில்லை. ஐயம் வேறிடத்தில் இருக்கிறது.

2025 மே மாதத்தில் வந்தவை சாதாரண வெடிமருந்து சுமந்த கருவிகள். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு மறிக்கப்பட்டால் அது பெருவெற்றி. அணுகுண்டுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. பத்து வந்து ஒன்பது மறிக்கப்பட்டாலும், மிஞ்சிய ஒன்று ஒரு நகரத்தை அழிக்கும். 1945இல் ஹிரோசிமாவில் விழுந்தது ஒரே ஒரு குண்டு. அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டோர் ஏறத்தாழ 140,000 பேர். இன்னொன்று: காற்று மண்டலத்திற்கு அப்பால், எடையுள்ள குண்டும் வெறும் பலூனும் ஒரே வேகத்திற் செல்லும். எது மெய், எது பொய் எனப் பிரித்தறிவது அரிது. அண்டை நாடாகையால் அதற்குக் கிடைக்கும் நேரமோ சில நிமிடங்கள்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. கவசம் அணிந்தவனைக் கண்டதும் எதிரி அம்பைக் கீழே போடுவதில்லை, அம்புகளைப் பெருக்குகிறான். அமெரிக்காவும் சோவியத் நாடும் இதனை உணர்ந்தே, 1972ஆம் ஆண்டில், ஏவுகணைத் தடுப்புகளுக்கு எல்லை வகுத்து ஓர் உடன்படிக்கை செய்தன. கேடயத்தைக் கட்டுப்படுத்தினாலன்றி வாளைக் கட்டுப்படுத்த முடியாது என்பது அதன் சாரம். 2002இல் அமெரிக்கா அதிலிருந்து விலகியது. தென்னாசியாவில் இதே கதை தொடர்கிறது. 2017ஆம் ஆண்டு சனவரியில் பாக்கிஸ்தான் 'அபாபீல்' என்னும் ஏவுகணையைச் சோதித்தது. ஒன்றே பல குண்டுகளைச் சுமந்து சென்று வெவ்வேறிடங்களில் எறிவதற்கென ஆக்கப்பட்டது அது. வட்டாரத்திற் பெருகிவரும் ஏவுகணைத் தடுப்புகளை மனத்திற்கொண்டே அதனை ஆக்கியதாக அந்நாட்டு இராணுவம் வெளிப்படையாகவே கூறிற்று. 2024 மார்ச்சில் இந்தியாவும் அக்னி-5இல் அத்திறனைச் சோதித்தது. அதற்குச் சீனத்தை நினைத்தும் காரணம் உண்டு. ஆயினும் பார்ப்பவன் கண்ணுக்குக் காரணமா தெரியும்? கருவிதான் தெரியும்.

இந்த உண்மையை நான் நூல்களிற் படிப்பதற்கு முன்னரே கண்ணாற் கண்டிருக்கிறேன்.

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு சிறிய தோட்டம். எனக்குப் பத்து வயது. மாவட்டத்தின் வேறு தோட்டங்களில் லயன்கள் எரிகின்றன என்ற செய்தி வந்ததும், எங்கள் ஆட்கள் காவலுக்கு ஆயத்தமானார்கள். லயத்தின் கோடியிற் கற்களைக் குவித்தார்கள். கவ்வாத்துக் கத்திகளைத் தீட்டினார்கள். பெண்கள் மிளகாய்த் தூள் இடித்து வைத்தார்கள். கீழேயுள்ள சிங்களக் கிராமத்திலிருந்து வரும் பாதையைக் குறுக்கே வெட்டிப் பள்ளமாக்கினார்கள். ஆபத்து வந்தால் தப்படிப்பது என்று ஏற்பாடு. எவரையும் தாக்கும் எண்ணம் எங்களுள் ஒருவருக்கும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை, கிராமத்துப் பெரியவர் ஒருவர் தனியே மேலேறி வந்தார். பிள்ளைகள் அவரைச் 'சீயா' என்றே அழைப்போம். பள்ளத்தின் மறுகரையில் நின்றபடி, அரைகுறைத் தமிழில் என் தந்தையாரிடம் அவர் கேட்டார்: "ஏன் தம்பி, எங்கள் வீடுகளுக்கு எப்போது நெருப்பு வைக்கப்போகிறீர்கள்?"

தந்தையார் திகைத்துப் போனார். பின்னரே விளங்கியது: தோட்டத்தார் கத்தி தீட்டுகிறார்கள், கல் சேர்க்கிறார்கள், பாதையை அடைத்துவிட்டார்கள், ஆகவே இரவில் இறங்கி வருவார்கள் என்று கிராமத்திற் பேச்சாம். அங்கேயும் இளைஞர்கள் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்களாம். அந்தச் செய்தி எங்களுக்கு எட்டியிருந்தால், எங்கள் அச்சத்திற்கு அதுவே சான்றாகியிருக்கும். எங்கள் கேடயம் கீழிருந்து பார்ப்போர்க்கு வாளாகத் தெரிந்தது. தற்காப்புக்குக் குவித்த கல்லில் அவ்வாறு எழுதியா இருக்கிறது?

அன்றிரவு இரு பக்கமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கற்குவியலை நாங்கள் அகற்றவில்லை. அகற்றும்படி அவரும் கேட்கவில்லை. பாதைப் பள்ளத்தை மட்டும் மூடினோம். ஒவ்வொரு மாலையும் மேலிருந்து ஒருவரும் கீழிருந்து ஒருவரும் மதகடியிற் சந்தித்து, கேள்விப்பட்டவற்றை ஒளிக்காமற் சொல்லவேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டு நாள் கழித்து லொறியில் வெளியூர்க் கும்பல் ஒன்று வந்தபோது, சீயாவின் மகன் இருளில் ஓடிவந்து அறிவித்தான். மூடிய அந்தப் பாதை வழியாகவே பெண்களும் பிள்ளைகளும் இறங்கி அவர் வீட்டில் ஒளிந்தோம். மேலே ஆண்கள் கல்லெறிந்து நின்றார்கள். இரண்டு காம்பிராக்கள் எரிந்தன. உயிர் எதுவும் போகவில்லை. கல்லும் உதவியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பள்ளத்தை மூடாதிருந்தால் நாங்கள் ஓடித் தப்பியிருக்கும் வழியே இருந்திராது.

ஒரு தோட்டத்துக் கதையைக் கொண்டு இரு வல்லரசுகளை அளக்கலாமா என்று அறிஞர்கள் கேட்கலாம். முழுவதும் அளக்க முடியாதுதான். எங்களுக்கிடையே காஷ்மீரம் இருக்கவில்லை. போர்களின் நினைவும் இருக்கவில்லை. எனினும் 2025இல் அந்தச் சண்டை எவ்வாறு ஓய்ந்தது என்பதைப் பாருங்கள். மே 10ஆம் திகதி பிற்பகலில், பாக்கிஸ்தானின் படை நடவடிக்கைத் தலைவர் இந்தியாவின் படை நடவடிக்கைத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தார். ஆயிரமாயிரம் கோடி விலைபெற்ற கருவிகள் வானத்தைக் காத்துக்கொண்டிருந்த வேளையில், போரை நிறுத்தியது ஒரு தொலைபேசிக் கம்பி. அதுவே அவர்களுடைய மதகடி.

அந்த மதகடியை இரு நாடுகளும் சிறிது சிறிதாகக் கட்டியே வந்திருக்கின்றன. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என 1988 டிசம்பர் 31ஆம் திகதி கையெழுத்திட்டார்கள். அதன்படி 1992 முதல் புத்தாண்டு நாளில் நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்வது வழக்கமாயிற்று. 2005இல், தொலைவீச்சுப் பாதையிற் செல்லும் ஏவுகணைகளைச் சோதிக்குமுன் மூன்று நாளாவது முந்தி அறிவிப்பது என்றும் உடன்பட்டார்கள். ஆனால் தாழப் பறந்து செல்லும் ஏவுகணைகள் அவ்வுடன்பாட்டில் அடங்கவில்லை. 2022 மார்ச் 9ஆம் திகதி, இந்தியாவின் பிரம்மோஸ் ஒன்று தவறுதலாகப் புறப்பட்டுப் பாக்கிஸ்தானின் மியான் சன்னு என்னும் ஊரருகே விழுந்தது. நல்லூழாக உயிர்ச்சேதம் இல்லை. வந்தது பிழையா, போரா என்று மறுபக்கம் எதைக்கொண்டு அறிந்திருக்கும்? இத்தகைய ஓட்டையை எந்த இடைமறிப்பு ஏவுகணை அடைக்கும்? இரண்டு எழுத்தர்களும் ஒரு மேசையும் அடைக்கலாம். தாழப் பறப்பனவற்றையும் அவ்வுடன்பாட்டிற் சேர்க்கட்டும். தடுப்புக் கருவிகளின் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை பேசட்டும். கல்லைக் கைவிடுமாறு நான் கேட்கவில்லை. பள்ளத்தை மூடுமாறே கேட்கிறேன்.

சப்ரகமுவ மலையிலிருந்து இதைச் சொல்ல உனக்கென்ன உரிமை எனின், உரிமை உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் குடும்பங்களைக் கடலின் இரு கரைகளிலும் பங்கிட்டது. பாதிச் சுற்றம் அந்தக் கவசத்தின் கீழும், மறுபாதி கவசமே இல்லாத சிறு தீவிலும் வாழ்கின்றன. நச்சுக் காற்றுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. மேலும், இந்துசமுத்திரத்தை அமைதி வலயமாக்கவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையிற் பிரேரித்து, 1971ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி அதனைத் தீர்மானமாக்கியது இந்தச் சிறு நாடே. அதே நாளில்தான் டாக்காவில் ஒரு போர் முடிந்தது. சிறியவர்கள் பேசக்கூடாது என்று அன்று எவரும் சொல்லவில்லை.

ஆகவே, மாணவியே, உன் கேள்விக்கு என் விடை இது: கவசம் பயத்தைக் குறைக்கலாம், போக்காது. சில வேளைகளில் உன் பயத்தை எடுத்து அயலானிடம் கொடுத்துவிடும். அவன் அதைப் பெருக்கித் திருப்பித் தருவான். எத்துணைச் சிறந்த அரணும் செயலறிந்த மாந்தர் இல்லாதவிடத்து அரணன்று என்பதே வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிக்கும் கருத்து. பள்ளத்தின் மறுகரைக்குத் தனியே ஏறிவந்து கேள்வி கேட்ட அந்தக் கிழவரை நினைக்கும்போதெல்லாம், செயலறிந்தவர் என்னும் சொல்லுக்கு எனக்குப் பொருள் விளங்குகிறது. உன் பாட்டிக்குக் கடிதம் எழுதும்போது இதையும் எழுது.