ஒரு பூதானே சேர்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஏப்ரல் விடுமுறைக்கு நுவரெலியா போக வேன் பேசி வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். கோபம் வந்தால் கொமன்டில் ஏசுங்கள், பரவாயில்லை.

2025 ஓகஸ்ட், செப்டெம்பரில் ஹோர்டன் சமவெளியில் நெலு பூத்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் உங்கள் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் ஊதா நிறம்தான். ஒரு திங்கட்கிழமை காலை, என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பென்சில் பெட்டியைத் திறந்து, வாடிப்போன ஒரு நெலுக் கொத்தை என்னிடம் நீட்டினாள். "உங்களுக்குத்தான் சேர், வாப்பா புடுங்கித் தந்த" என்றாள். நான் ஏசவில்லை. பிள்ளையில் என்ன பிழை? பின்னேரம் வாப்பாவைக் கண்டு சொன்னேன். அவர் சிரித்துவிட்டுக் கேட்டார்: "ஒரு பூதானே சேர்?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பதிவு.

வீட்டு வாசலில் நிற்கும் செவ்வரத்தையைப் பறித்தால் நாளைக்கு இன்னொன்று பூக்கும். நெலு அப்படியான செடி இல்லை. வருடக்கணக்கில் வெறும் இலையாக நிற்கும். பிறகு கூட்டமாக, ஒரே பருவத்தில் பூக்கும், விதைக்கும், செத்துப்போகும். ஒரு செடிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூ. நெலுவில் பல இனங்கள் உண்டு, எல்லாவற்றுக்கும் 12 வருடக் கணக்கு இல்லை. ஆனால் 2025இல் நாம் பார்த்த பூப்புக்கு முந்தியது 2013இல். மலைநிலத்துக்கே தமிழில் பெயர் கொடுத்த குறிஞ்சியும் இதன் நெருங்கிய சொந்தம்தான்.

எல்லாச் செடியும் ஏன் ஒன்றாகப் பூக்க வேண்டும்? பூத்தால் தேனீ வரும். விதைத்தால் காட்டுக்கோழி கூட்டம் கூட்டமாக வந்து பொறுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் ஒன்றும் மிஞ்சாது. ஒரேயடியாக அள்ளிக் கொட்டினால், தின்றவர்கள் தின்றது போக மிச்சம் முளைக்கும். அந்த மிச்சம்தான் அடுத்த தலைமுறை. பூவிலேயே பறித்த கொத்தில் விதை ஏது? அந்தக் கொத்துக்காக அந்தச் செடி பத்துப் பன்னிரண்டு வருடம் மழையிலும் பனியிலும் நின்றது. இனி அதற்கு இன்னொரு தடவை கிடையாது. "ஒரு பூதானே" என்பதன் முழுக் கணக்கு இதுதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். 2013இல் ஆசிரியர் கலாசாலையிலிருந்து நாங்கள் ஒரு பஸ்ஸில் போனோம். நானும் பறித்தேன். சட்டைப் பையில் ஒரு கொத்தைக் குத்திக்கொண்டு போட்டோ எடுத்தேன். பிள்ளைகளுக்கு மகரந்தச் சேர்க்கை படிப்பிக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பஸ் நிறைய ஆட்களில், "பறிக்காதீங்க" என்று சொல்ல ஒருவர் இருக்கவில்லை. அந்தப் போட்டோவை முகநூல் இன்னும் வருடா வருடம் ஞாபகப்படுத்துகிறது. அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இனி நீங்கள் சொல்லும் நியாயங்களுக்கு வருவோம்.

"எல்லா ஆட்களும்தானே பறிக்கிறாங்க, எங்கட ஆட்களை மட்டும் ஏன் சொல்றீங்க?" உண்மை, எல்லோரும் பறிக்கிறார்கள். ஆனால் மற்றவர் செய்த பிழை நமக்கு பத்வா ஆகாது. தேசிய பூங்காவுக்குள் செடி பறிப்பது சட்டப்படியும் குற்றம்.

"அல்லாஹ் மனிசனுக்காகத்தானே படைச்சான்?" படைத்தான். அமானிதமாகவும் தந்தான். ஸுப்ஹானல்லாஹ் என்று ஸ்டேட்டஸ் போட்ட அதே கையால் ஒடிக்கலாமா? ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அழகாக இருக்கிறதென்று உடைத்துப் பார்ப்போமா?

"சேர், இப்ப பூவெல்லாம் முடிஞ்சு. இனி என்ன?" இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். காய்ந்த நெலுக் காய் வெடித்து விதையைச் சுற்றிலும் எறியும். பூ முடிந்த பிறகு பார்த்தால் பட்டுப்போன தடிகளும், அவற்றின் அடியில் முளைக்கும் குருத்துகளும்தான். போட்டோவுக்கு ஒன்றுமில்லை என்று பாதையை விட்டு இறங்கி நடப்பீர்கள். பூத்த காலத்தில் கையால் செய்ததை இப்போது சப்பாத்தால் செய்வோம். 2037இல் அங்கே பூ இருக்குமா இல்லையா என்பது இந்த ஓரிரு வருடங்களில் தீர்மானமாகிற விஷயம்.

இன்னொன்று. போகிற வழியில் முட்புதரில் மஞ்சள் பூ பார்த்து வேனை நிறுத்துவீர்கள். அது கோர்ஸ். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட செடி. பிடுங்கப் பிடுங்க முளைத்து, உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடிக்கிறது. அதன் விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். சேற்றோடு சப்பாத்திலும் டயரிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகும். அழகு என்பதற்காக எல்லாப் பூவும் ஒன்றாகிவிடாது.

சாப்பாட்டு விஷயம் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. கேட்டில் பொலித்தீனை வாங்கிக்கொள்கிறார்கள் என்பதால், கேட்டுக்கு முந்தியே ரோட்டோரத்தில் சஹன் விரித்துச் சாப்பிட்டுவிட்டு, லஞ்ச் சீட்டையும் யோகட் கோப்பையையும் அப்படியே விட்டுப் போகிறோம். வயிற்றில் பொலித்தீனோடு அங்கே மரைகள் செத்த செய்தி எத்தனை தடவை வந்துவிட்டது? அடுப்பங்கரையில் ஒரு பருக்கை சிந்தினால் ஏசுகிற நம் உம்மாமார் இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூவும் புல்வெளியும் பார்க்கப் பிள்ளைகளுக்கும் ஆசை இருக்கும். ஹக்கலைக்குக் கொண்டுபோங்கள். 1861இல் சின்கோனா வளர்க்கத் தொடங்கிய தோட்டம், இன்று ரோஜாவுக்குப் பெயர் போனது. நுவரெலியா வசந்தகாலப் பூக்கள் இருக்கின்றன. பேராதனை இருக்கிறது. அவை நாம் பார்க்கவென்றே நட்ட பூக்கள், கூட்டத்தைத் தாங்கும். ஹோர்டன் சமவெளியில் யாரும் நமக்காக எதையும் நடவில்லை. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் தண்ணீர் கொடுக்கிற காடு அது.

அங்கேயும் போகலாம், சிறு குழுவாக. ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதை, அதை விட்டு இறங்காமல் நடக்க முடிந்தவர்களோடு. சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுபோய், பெட்டியை வீட்டுக்கே கொண்டுவரத் தயாரானவர்களோடு.

என் சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு பஸ் பிடித்து இருநூறு பிள்ளைகளை அங்கே இறக்கிவிட்டு, மைக்கில் "கீழே போகாதீங்க" என்று கத்துவது கல்விச் சுற்றுலா ஆகாது. போக முந்தி ஒரு பாடவேளை ஒதுக்கி இந்தச் செடியின் கதையைச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் அந்தப் பக்கம் பஸ்ஸைத் திருப்ப வேண்டாம்.

பென்சில் பெட்டியில் பூ கொண்டுவந்த பிள்ளைக்கு அப்போது 14 வயது. 2037இல் 26. இன்ஷா அல்லாஹ், அவளும் ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையில் நடக்கலாம். அப்போது அங்கே நெலு இல்லையென்றால், "ஒரு பூதானே" என்று கேட்ட வாப்பாவும், பறித்துச் சட்டையில் குத்திய சேரும் அவளுக்கு என்ன பதில் சொல்வோம்?

ஏப்ரலில் போகிறவர்கள் இதை உங்கள் வேன் குரூப்பில் ஒரு தடவை போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.