ஸ்பானர் பாக்ஸ்: பன்னிரண்டாவது வருஷம் ஸ்டார்ட் ஆகுமா?

கார் வாங்கப் போற வீட்டுல முதல் கேள்வி என்ன? 'மைலேஜ் எவ்ளோ?' ரெண்டாவது கேள்வி, 'என்ன கலர்?' மூணாவது, எதிர்வீட்டு அங்கிள் வாங்கினதைவிட இது பெருசா சின்னதா! நடுவுல நாம எழுந்து, 'பன்னிரண்டாவது வருஷம் சாவி போட்டா ஸ்டார்ட் ஆகுமா? அப்போ ஸ்பேர் கிடைக்குமா?'ன்னு கேட்டா என்ன ஆகும்? 'நல்ல காரியம் பேசும்போது வாயைக் கழுவு'ன்னு உட்கார வெச்சிடுவாங்க.

ஆனா கணக்கைக் கொஞ்சம் பாருங்க பாஸ். ஷோரூம் வாசல்ல எலுமிச்சம்பழம் நசுக்குறது பத்து செகண்ட் வேலை. லோன் அஞ்சு வருஷம், ஏழு வருஷம் ஓடும். லோன் முடிஞ்ச பிறகும் கார் வாசல்ல நிக்கும். நடுத்தரக் குடும்பத்துல அது கிளட்ச் தேயுற வயசை எட்டுற நேரமும், வீட்டுப் பையனோ பொண்ணோ காலேஜ்ல காலடி வைக்கிற நேரமும் பெரும்பாலும் ஒண்ணாத்தான் வருது. ஒர்க்‌ஷாப் பில்லும் செமஸ்டர் ஃபீஸும் ஒரே வாரத்துல வந்தா அப்பா முகம் எப்படி இருக்கும்? அதனாலதான் இந்த வாரம் மேட்டர், வயசான கார்!

குளியல் தொட்டியில கார்

ரிலையபிலிட்டி பாடத்துல ஒரு படம் வரும். பேரு 'பாத்டப் கர்வ்'. குளியல் தொட்டியைப் பக்கவாட்டுல பார்த்த மாதிரி ஒரு கோடு. இடதுபக்கம் உயரம்: புதுசுல வர்ற கோளாறு. சரியா முறுக்காத போல்ட், மட்டமான சென்சார் மாதிரி தயாரிப்புலயே ஒட்டிக்கிட்டு வந்தது. நடுவுல தரைமட்டம்: எப்பவாவது, எதேச்சையா வர்ற தொந்தரவு. வலதுபக்கம் மறுபடி ஏத்தம்: தேய்மானம். ரப்பர் ஹோஸ், புஷ், வாட்டர் பம்ப், ஷாக் அப்சார்பர், கிளட்ச் எல்லாம் வரிசையா 'என்னையும் கவனி'ன்னு கை தூக்குற காலம்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், வாரன்டி பெரும்பாலும் தொட்டியோட இடதுபக்கத்தையும் தரையில கொஞ்ச தூரத்தையும்தான் மூடும். வலதுபக்க ஏத்தம் முழுக்க நம்ம செலவு! மூணு வருஷம் ஓட்டினவர், 'என் கார்ல ஒரு பிரச்னையும் கிடையாது'ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டா அவர் பொய் சொல்லலை. தொட்டியோட அடித்தரையில சுகமா படுத்திருக்கார், அவ்ளோதான். கருத்துக் கேட்கணும்னா அதே மாடலைப் பத்து வருஷம் ஓட்டினவரைத் தேடிப் பிடிங்க. 'வண்டி சூப்பர்தான், ஆனா...'ன்னு இழுப்பார் பாருங்க, அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் வர்றதுதான் நமக்கு வேண்டியது.

உப்புக் காத்து ஸ்பெஷல்

நம்ம அரியாங்குப்பத்துக்குன்னு தனியா ஒரு வில்லன் இருக்கான். கிழக்கே வீராம்பட்டினம் கடல், பக்கத்துலயே ஆறும் கழிமுகமும். காத்துல கலந்து வர்ற உப்பு, தகட்டு மேல படிஞ்சு, ஈரத்தை உறிஞ்சு வெச்சுக்கும். இரும்பு, ஆக்சிஜன், ஈரம் மூணும் சேர்ந்தாலே துரு. உப்புல இருக்கிற குளோரைடு அந்தத் துருவுக்கு டர்போ சார்ஜர்!

அரிக்கமேட்டுல 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ ரோமானிய ஜாடித் துண்டுகள் கிடைச்சுது. ரெண்டாயிரம் வருஷமா இதே மண்ணுல, இதே உப்புக் காத்துல அதுங்க தாக்குப் பிடிச்சதுக்குக் காரணம் சிம்பிள். சுடுமண் துருப் பிடிக்காது. நம்ம காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

துரு வர்ற இடம் நாம தினமும் துடைக்கிற பானெட் இல்லை. சக்கரத்துக்கு மேல வளைவுல ஒட்டின சேறு, கதவோட அடி விளிம்பு, தரை மேட்டுக்குக் கீழே, சைலன்ஸர், பிரேக் ஆயில் போற குழாய், இங்கெல்லாம்தான் அது சத்தமில்லாம வேலை பார்க்கும். கதவுக்கு அடியில தண்ணி வடிய சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். அது அடைச்சிருந்தா மழைத்தண்ணி உள்ளேயே தேங்கி, கதவை உள்பக்கமிருந்து தின்னும். ஒரு குச்சி விட்டுக் குத்தினா போதும், செலவே இல்லை. கடற்கரையில காரை நிறுத்திட்டு வந்தா வண்டி அடிப்பக்கத்துல நல்ல தண்ணி பீய்ச்சிக் கழுவிடுங்க. போர் தண்ணியே உப்பா இருக்கிற தெருன்னா அதுல கழுவிப் பிரயோஜனமில்லை.

அடுத்து மழை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. 24 மணி நேரத்துல 45 செ.மீ.க்கும் மேல மழை. தெருவெல்லாம் குளம், குளத்துல கார்! தண்ணி வடிஞ்சதும் மனுஷனுக்கு வர்ற முதல் ஆசை, 'ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போமே!' அதுதான் ஆபத்து. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். சில ஆயிரத்துல முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே கழட்டுற வேலையாயிடும். அதோட, தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணினதால இன்ஜின் போச்சுன்னா, சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில பெரும்பாலும் பணம் வராது. இன்ஜினுக்குன்னு தனியா எடுத்திருக்கணும். சாவியைத் தொடாதீங்க, பேட்டரி ஒயரைக் கழட்டுங்க, கட்டி இழுத்துட்டுப் போங்க.

கம்பெனி போச்சு, கார் இருக்கு!

கார் நல்லா இருந்தா மட்டும் போதாது. அதைப் பெத்த கம்பெனியும் ஊர்ல இருக்கணும். இதுல நம்ம தமிழ்நாடு நிறைய பார்த்திருக்கு.

சென்னை பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ்னு ஒரு கம்பெனி இருந்தது. ஹெரால்டு, கெஸல் எல்லாம் அவங்க வண்டிதான். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000-ன்னு ஒரு கார் விட்டாங்க. வெளித்தோற்றம் இங்கிலாந்தோட ரோவர், உள்ளே பழங்கால வேன்கார்டு இன்ஜின். பட்டு வேட்டி கட்டிக்கிட்டு மாட்டு வண்டி ஓட்டின கதை! பெட்ரோலைக் குடிச்சுது, விலையும் அதிகம், விற்பனை படுத்துது. எண்பதுகள் முடியறதுக்குள்ள தொழிற்சாலையை மூடிட்டாங்க. வாங்கினவங்க நடுத்தெருவுல.

இதுக்கு நேர் எதிர் அம்பாஸடர். 1957-ல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வெச்சு வந்த டிசைன், 2014 மே மாசம் உத்தர்பாராவுல கடைசியா நிக்கிற வரைக்கும் உருவத்துல பெருசா மாறலை. டெக்னிக்கலா பார்த்தா பழைய பஞ்சாங்கம். ஆனா அரை நூற்றாண்டு ஒரே அச்சுல வந்ததால, எந்த ஊர் காயலான் கடையிலயும் அதோட சாமான் கிடைக்கும், எந்தப் பட்டறையிலயும் கண்ணை மூடிக்கிட்டுக் கழட்டி மாட்டுவாங்க. அடிக்கடி ரிப்பேர் ஆகும், ஆனா எங்கேயும் ரிப்பேர் பண்ணலாம். இதுவும் ஒரு வகை நம்பகத்தன்மைதான்!

ஃபோர்டு கதை நம்ம காலத்துது. மறைமலைநகர் ஆலையில 1999-ல் ஐகான் வந்தது. அப்புறம் ஃபிகோ, எகோஸ்போர்ட். 2021 செப்டம்பர் 9-ம் தேதி, 'இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறோம்'னு அறிவிச்சாங்க. பத்து வருஷத்துல 200 கோடி டாலருக்கும் மேல நஷ்டமாம். ஆலையில வேலை பார்த்தவங்களுக்கு அது சம்பளப் பிரச்னை. கார் வெச்சிருந்தவங்களுக்கு, 'இனி நம்ம வண்டிக்கு யார் கதி?' சர்வீஸும் ஸ்பேரும் தொடரும்னு கம்பெனி சொன்னது. ஆனாலும் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல வாங்க வர்றவங்க அதைச் சொல்லியே பேரம் பேசினாங்க. 2025 அக்டோபர்ல, அதே ஆலையில 3,250 கோடி ரூபாய் போட்டு 2029-லிருந்து இன்ஜின் தயாரிக்கப் போறதா தமிழக அரசோட ஒப்பந்தம் போட்டிருக்காங்க. கவனிங்க, இன்ஜின்தான், கார் இல்லை.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கு. ஃபியட் காரும் இங்கே தயாரிப்புல இல்லை. ஆனா டீசல் புன்ட்டோ வெச்சிருந்தவங்க ஒரேயடியா அநாதை ஆகிடலை. ஏன்னா அந்த 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் இன்ஜின்தான் மாருதி ஸ்விஃப்ட் டீசல்லயும் இருந்தது. ஊர் முழுக்க ஓடுற வண்டியோட இன்ஜின் நம்ம வண்டியிலயும் இருந்தா, கம்பெனி போனாலும் இன்ஜினுக்குக் கை வைக்க ஆள் இருக்கும். கதவு, ஹெட்லைட் மாதிரி அந்த மாடலுக்கே உரிய அயிட்டம்தான் திண்டாட்டம். அப்போ நம்மாளுங்க வண்டியேறுற இடம் சென்னை புதுப்பேட்டை. கண்ணாடி, கைப்பிடி, பம்பர்னு அங்கே பழசு வாங்கலாம், தப்பில்லை. பிரேக், ஸ்டியரிங் சாமானை மட்டும் பழசுல வாங்காதீங்க. உயிர் விஷயம்!

பூட்டு யார் கையில?

ஸ்பேர் இருக்கு, ஆனா வெளியில விக்க மாட்டோம்னா? ஒரு கார் சொந்தக்காரர் 2011-ல் இதை இந்தியப் போட்டி ஆணையத்துக்குக் கொண்டு போனார். ஒரிஜினல் ஸ்பேர், கோளாறு கண்டுபிடிக்கிற கருவி, ரிப்பேர் மேனுவல் இதையெல்லாம் வெளிப் பட்டறைக்குத் தராம, எல்லாரையும் தங்கள் சர்வீஸ் சென்டருக்கே வரவைக்கிறாங்கன்னு விசாரணையில வந்தது. 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதிச்சு, ஸ்பேரையும் தகவலையும் திறந்த சந்தைக்குக் கொடுக்கணும்னு ஆணையம் உத்தரவு போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. 2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் துறை 'ரிப்பேர் உரிமை'க்குன்னே ஒரு இணையதளம் தொடங்கினது. அதுல வாகனமும் ஒரு பிரிவு.

இது நமக்கு ஏன் முக்கியம்? கடலூர் ரோடு ஓரத்துல பட்டறை வெச்சிருக்கிற ஒரு அண்ணனுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும், சத்தத்தை வெச்சே பேரிங்கா பெல்ட்டான்னு சொல்லத் தெரியும். ஆனா இன்னைக்குக் காரோட பாதி கோளாறு கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. அந்தப் பூட்டுக்குச் சாவி அவர் கைக்கு வரலைன்னா அவர் பிழைப்பும் போகும், நமக்குக் குறைஞ்ச செலவுல ரிப்பேர் பண்ற வழியும் போகும். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கிற மக்களே, நாளைக்கு டிசைன் டேபிள்ல உட்காரப் போறது நீங்கதான். ஒரு ஃபில்டர் மாத்த பம்பரையே கழட்ட வைக்காதீங்க, புண்ணியமா போகும்!

விக்கலாமா, வெச்சுக்கலாமா?

'நாப்பதாயிரத்துக்குப் போற காருக்கு இருபதாயிரம் செலவா?' வீட்டுக்கு வீடு கேட்கிற வசனம். ஒப்பீடே தப்பு. பழைய காரோட விலையோட இல்லை, அடுத்த காரோட தவணையோட ஒப்பிடணும். இருபதாயிரம் செலவு பண்ணி வண்டி ரெண்டு வருஷம் ஓடும்னு வெச்சுக்கோங்க, மாசம் எண்ணூறு சொச்சம்தான் வருது. அந்தத் தொகைக்கு எந்த பேங்க்லயும் கார் தவணை கிடையாது!

இந்தக் கணக்கு செல்லாத இடமும் உண்டு. சேஸிஸ், சஸ்பென்ஷன் பிடிக்கிற இடம், இதுல துரு தின்னு ஓட்டை விழுந்துட்டா சென்டிமென்ட் பார்க்காம அனுப்பி வைங்க. 15 வருஷம் முடிஞ்சா ஆர்.சி. புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்லயிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆச்சு. 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 வருஷம் தாண்டினா 10,000. இதையும் கணக்குல சேர்த்துக்கணும்.

ஜெர்மனியில மூணாவது வருஷத்திலேயே காருக்குக் கட்டாய சோதனை, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை. எந்த மாடல் எந்த வயசுல எவ்ளோ பழுதாகுதுன்னு அந்த முடிவுகளைத் தொகுத்து வருஷா வருஷம் வெளியிடுறாங்க. நம்ம ஊர்ல சொந்தக் காருக்கு 15 வருஷம் கழிச்சுதான் தகுதிச் சோதனையே. அதுவரைக்கும் நமக்கு டேட்டா, டீக்கடை பெஞ்சுதான்!

அதனால நாமே டேட்டா சேர்ப்போம். அமெரிக்காவுல இர்வ் கார்டன்னு ஒரு பள்ளி ஆசிரியர். 1966-ல் வாங்கின வால்வோ காரை 2013-ல் 30 லட்சம் மைல் தாண்டி ஓட்டினார். மந்திரம் ஒண்ணுமில்லை. நேரத்துக்கு ஆயில், நேரத்துக்கு சர்வீஸ்.

இந்த ஞாயித்துக்கிழமை பண்ண வேண்டியது: ஒரு நாப்பது பக்க நோட்டு. தேதி, கிலோமீட்டர், என்ன மாத்தினோம், எவ்ளோ ஆச்சு. நாலே கட்டம். டைமிங் பெல்ட் இருக்கிற இன்ஜினா, செயின் இருக்கிற இன்ஜினான்னு மேனுவலைப் பார்த்து முதல் பக்கத்துல எழுதிடுங்க. பல இன்ஜின்ல பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், அப்புறம் பில்லைப் பார்த்து நாம சுவத்துல முட்டிக்கணும். செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறீங்களா? ஸ்டீரியோ எப்படின்னு பார்க்கிறதுக்கு முன்னாடி மேட்டைத் தூக்கித் தரையைப் பாருங்க. அப்புறம் விக்கிறவர்கிட்ட, 'அண்ணே, சர்வீஸ் நோட்டு இருக்கா?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவர் முகத்தைப் பார்த்தாலே வண்டி எப்படின்னு பாதி தெரிஞ்சிடும்.

அடுத்த வாரம்: பைக் செயினுக்கு எத்தனை நாளைக்கு ஒருதடவை எண்ணெய்க் குளியல்? அதுவரைக்கும் கியரை மாத்துங்க, கிளட்ச் மேலேயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டாதீங்க!