சகோதர நாட்டுக்காரன் சுரங்கம்

மூன்றாம் உலக நாடுகளின் ஒற்றுமை என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு ஒரே கேள்விதான். ஒற்றுமை யாருக்கும் யாருக்கும்? 1955-ல் பாண்டுங்கில் 29 நாடுகள் கூடியது பொய்யில்லை. தானே பஞ்சையாய்க் கிடந்த சீனா, 1970-ல் வட்டியில்லாக் கடன் கொடுத்து, ஆப்பிரிக்காவின் சாம்பியாவிலிருந்து தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு 1,860 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஆரம்பித்தது. வெள்ளை நிறவெறி ரொடீசியாவை நம்பாமல் சாம்பியாவின் தாமிரம் கடலுக்குப் போகணும் என்பதற்காக. அதை நான் குறைச்சுப் பேசமாட்டேன்.

ஆனா அந்தத் தாமிரத்தைத் தோண்டுறது யாரு? அரசுச் சுரங்கங்களை விற்கச் சொல்லி உலக வங்கி நெருக்கியதன் தொடர்ச்சியாக, கொங்கோலா சுரங்கத்தில் 51 சதப் பங்கை 2004-ல் வாங்கியது அனில் அகர்வாலின் வேதாந்தா. 25 மில்லியன் டாலர் கொடுத்தேன், வருஷா வருஷம் குறைஞ்சது 500 மில்லியன் வருதுன்னு 2014-ல் பெங்களூர்க் கூட்டமொன்றில் அவரே பெருமை பேசினார். தம்பி வீட்டுச் சொத்தை அண்ணன் வாங்குற விலை!

2006-ல் சுரங்கக் கழிவு முஷிஷிமா ஓடையிலும் காஃபுவே ஆற்றிலும் கலந்தது. சிங்கோலா சனங்க சுமார் 2,000 பேர் வழக்குப் போட்டாங்க. 2011-ல் சாம்பியா உயர்நீதிமன்றம் 20 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. 2015-ல் உச்சநீதிமன்றம், கம்பெனிதான் பொறுப்பு, ஆனால் மருத்துவச் சான்று காட்டிய 12 பேருக்கு மட்டும் நஷ்டஈடு என்றது. ஆத்துத் தண்ணி குடிக்கிறவன் சான்றிதழுக்கு எங்க போவான்?

கம்பெனி லண்டனில் பதிவானது. அதனால் கிராமத்தார் 1,826 பேர் 2015-ல் லண்டனில் வழக்குப் போட்டாங்க. பழைய எஜமான் வாசலில் நின்று சகோதரன் மேல பிராது! அங்கே வழக்கு நடத்தலாம் என்று தீர்ப்பு வரவே 2019 ஆச்சு. 2021-ல் குற்றத்தை ஒத்துக்காமலே பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

இந்தியாவும் அடிமைப்பட்ட நாடுதானே என்பார்கள். அதே வேதாந்தாவின் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொன்ன தூத்துக்குடிச் சனங்க 13 பேரை 2018 மே மாதம் சுட்டுக் கொன்னது எந்த நாட்டுப் போலீஸ்? சொந்தச் சனத்துக்கே இல்லாத தோழமை சாம்பியாக்காரனுக்கு எங்கேயிருந்து வரும்?

சாம்பியா அரசு 2019-ல் சுரங்கத்தைக் கையிலெடுத்தது. 2020-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. 2024-ல் சுரங்கம் திரும்பவும் வேதாந்தா கைக்கே போனது. இரு நாட்டு நட்புன்னு இனி யாராவது பேச வந்தா, மாணவத் தோழர்களே, காஃபுவே தண்ணியைக் குடிச்சியா என்று கேளுங்க.