ஊசியிலை பழுப்பேறினால் வேரைத் தேடுங்கள்

மலைச்சரிவிலிருந்து பெயர்த்து வந்த பைன் மரம், தொட்டியில் ஊன்றிய ஆறாவது ஏழாவது வாரத்தில் பழுப்பேறத் தொடங்குகிறது. உடனே பூஞ்சைக்கொல்லி தெளிக்கிறார்கள். அது பலிக்காவிட்டால் யூரியா கரைத்து ஊற்றுகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் தொட்டியிலிருந்து பிடுங்கி மண்ணை மாற்றுகிறார்கள். அத்துடன் மரத்தின் கதை முடிகிறது. கோலார் தங்கவயலில் போன்சாய் வளர்க்கும் நண்பர்களிடையே இந்த வரிசை ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டது. அறிகுறியை நோயாக எண்ணுவதே இங்குள்ள பிழை. தாவரவியல் பயின்ற நாமும் இதே பிழையை வேறோர் இடத்தில், பொதுப்பணத்தில் செய்துகொண்டிருக்கிறோம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

செம்பருத்திக்குத் தண்ணீர் குறைந்தால் ஒரே பிற்பகலில் இலை துவண்டு தொங்கும். பைன் இலை துவளாது. தடித்த மெழுகுப்பூச்சு, உள்ளே அமிழ்ந்த இலைத்துளைகள், தோலுக்கடியில் விறைப்பான திசு ஆகியவை சேர்ந்து, உயிர் போன பிறகும் இலையை நிமிர்த்தியே வைத்திருக்கும். மேலைநாட்டு வீடுகளில் வெட்டி நீரில் நிறுத்தும் கிறிஸ்துமஸ் மரம், வேரே இல்லாமல் வாரக்கணக்கில் பச்சையாக இருப்பது இதனால்தான். ஆகவே இன்று நாம் காணும் பழுப்பு, பல வாரங்களுக்கு முன்பு மண்ணுக்குள் நடந்ததைத்தான் சொல்கிறது. கடப்பாரையால் தோண்டியபோது அறுந்த நுனிவேர்கள், வண்டியில் வரும் வழியில் உலர்ந்துபோன மண்கட்டி, புதுத் தொட்டியில் தேங்கிய நீர் இவற்றில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

இருந்தாலும், பழுப்பு எங்கே, எப்படி வருகிறது என்பதைப் படிக்கத் தெரிந்தால் காரணத்தை ஓரளவு பிரித்தறியலாம். கிளையின் உட்புறத்தில், இரண்டு மூன்று ஆண்டு வயதான இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது இயல்பான உதிர்வு, பதற வேண்டியதில்லை. மரம் முழுவதும் ஒரே சீராக நுனியிலிருந்து அடிநோக்கிப் பழுப்பேறினால் வேரால் போதிய நீரை அனுப்ப முடியவில்லை என்று பொருள். ஒரு பக்கத்துக் கிளைகள் மட்டும் காய்ந்தால், அந்தப் பக்கத்து வேர் வெட்டுப்பட்டிருக்கலாம். வெளிறிய நுண்புள்ளிகளுடன் இலை மங்கினால் கிளைக்கடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். தாளில் பொடி போல விழுந்து ஊர்ந்தால் அது சிலந்திப்பேன். இலையின் நடுவே செந்நிறப் பட்டையும் அதில் கரும்புள்ளிகளும் இருந்தால்தான் பூஞ்சையை ஐயுற வேண்டும். உலகெங்கும் ரேடியாட்டா பைன் தோட்டங்களைச் சீரழித்த டோத்திஸ்ட்ரோமா நோய் அத்தகையது. அந்தப் பட்டையே இல்லாத மரத்தின்மேல் தாமிர மருந்தைத் தெளிப்பதால் யாருக்கு என்ன பயன்? மருந்துக்கடைக்காரரைத் தவிர வேறு எவருக்கும் இல்லை.

மொட்டையும் பார்க்க வேண்டும். இலை பழுத்திருந்தும் நுனிமொட்டு திரண்டு உறுதியாக இருந்தால் நம்பிக்கை உண்டு. மொட்டும் சுருங்கி, விரலால் தொட்டதும் உதிர்ந்தால் அக்கிளை முடிந்தது. ஆலும் இச்சியும் எல்லா இலைகளையும் இழந்த பின்னும் முதிர்ந்த கட்டையிலிருந்து துளிர்க்கும். பெரும்பாலான பைன் இனங்கள் இலையற்ற முதிர்கிளையில் துளிர்ப்பதில்லை. ஆலில் கைவந்த துணிச்சலைப் பைனிடம் காட்டுவோர் ஏமாறுவது இந்த வேறுபாட்டை அறியாததால்தான்.

தங்கவயலுக்கென்று தனிக் காரணங்களும் உள்ளன. கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. வெகு ஆழத்திலிருந்து இறைக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் காரத்தன்மையும் மிகுதி. இம்மாவட்டத்து நிலத்தடி நீரின் ஃபுளோரைடுச் சிக்கலும் நாம் அறிந்ததே. அமிலச்சார்புள்ள மண்ணை விரும்பும் பைனுக்கு அந்நீரையே நாள்தோறும் ஊற்றினால் தொட்டியின் விளிம்பில் வெண்படலம் படியும், இலைநுனி கருகும். மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவதே இதற்கு மருந்து. கறுப்பு நெகிழித்தொட்டியைச் சிமெண்ட் மாடியில் வெயிலில் வைப்பது இன்னொரு காரணம். அத்தொட்டியின் சுவரோர மண் 45 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும்; அந்த வெப்பத்தில் நுனிவேர் பிழைக்காது.

மூன்றாவது காரணத்தைச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது. எளிதில் கிடைக்கிறது என்பதற்காகச் சிலர் சயனைடு மேட்டு மணலைத் தொட்டிக் கலவையில் சேர்க்கிறார்கள். அது ஆற்றுமணல் அன்று. தங்கப்பாறையை மாவாக அரைத்துச் சயனைடுக் கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய ஆலைக்கழிவு. அதன் நுண்துகள் நனைந்தால் இறுகும், காய்ந்தால் ஓடு கட்டும்; வேருக்குக் காற்றுப் புகாது. சயனைடு காலப்போக்கில் சிதையலாம். தாதுவோடு வந்த உலோகங்கள் சிதைவதில்லை. வீட்டு முற்றத்தில் அதைச் சல்லடையில் சலிப்பது நம் நுரையீரலுக்கும் கேடு. சிலிக்காத் தூசு என்ன செய்யும் என்பதை இவ்வூர்ச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சிகிச்சை என்று கேட்டால், பெரும்பகுதி பொறுமைதான். பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலையின் கீழ், காற்று மோதாத இடத்தில் மரத்தை வையுங்கள். தண்டு அசையாதபடி தொட்டியோடு கட்டுங்கள். ஒவ்வோர் அசைவும் அப்போதுதான் முளைத்த வேரை அறுக்கும். செங்கல் துண்டு, பொடிக்கல் ஆகியவற்றைத் தூசு போகச் சலித்துக் கலந்தால் நீர் தேங்காது. மேல்மண் உலரத் தொடங்கியபின் மட்டும் நீர் ஊற்றுங்கள். மொட்டு நீண்டு புது இலை முதிரும்வரை உரம் வேண்டாம். வேர் குறைந்துவிட்டதே என்று பச்சை இலையைக் கழிக்கவும் வேண்டாம். வேரை மீண்டும் வளர்க்கும் உணவு அந்த இலையிலிருந்துதான் வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்குத் தொட்டியை மாற்றாதீர்கள்.

பழைய மண்ணை முழுவதும் கழுவிவிடக் கூடாது என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. போர்ட்டோ ரிக்கோத் தீவில் பைன் நடும் முயற்சிகள் பல ஆண்டுகள் தோற்றன. கன்றுகள் மஞ்சளித்து மடிந்தன. 1950களில், பைன் காட்டு மண்ணோடு மைக்கோரைசா எனப்படும் வேர்ப்பூஞ்சையைக் கொண்டுவந்து சேர்த்த பிறகே அவை வளர்ந்தன. பைன் வேர் அந்தக் கூட்டாளியோடு சேர்ந்தே நீரையும் உணவையும் எடுக்கிறது. நம்மவர் குழாய்நீரைப் பீய்ச்சிக் கழுவித் தள்ளுவது அந்தக் கூட்டாளியைத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியத் தீபகற்பத்துக்குச் சொந்தமான பைன் இனம் எதுவுமில்லை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் நிற்பவை வெளியிலிருந்து வந்து நடப்பட்டவை. சுமார் 2,100 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்த மரத்தைச் சுமார் 850 மீட்டரில் உள்ள தங்கவயலுக்கு இறக்குவதே ஒரு பெரும் அதிர்ச்சி. காப்புக்காட்டில் அனுமதியின்றிப் பெயர்ப்பது சட்டப்படி குற்றமும்கூட. பைன்தான் வேண்டுமென்றால், இமயத்தின் தாழ்ந்த சரிவுகளிலும் வளரும் சிர் பைனை நாற்றாக வாங்கி வளர்க்கலாம். எனக்குக் கேட்டால், இவ்வூர்ப் பாறையிடுக்கில் தானே முளைக்கும் கல்லிச்சியும் பழஞ்சுவரில் வேர்விடும் அரசும் இதைவிட நல்ல போன்சாய்.

இனி நம் பிழைக்கு வருகிறேன். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட ஆலைக்கழிவு மேடுகளாக ஊருக்குள்ளேயே கிடக்கிறது. கோடைக்காற்றில் அதன் தூசு தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் இறங்குகிறது. மேட்டை மரம் போர்த்தினால் தூசு அடங்கும் என்பது சரியான எண்ணமே. ஆனால் பசுமையாக்கம் என்ற பெயரில் எங்கும் நடப்பது என்ன? மழைக்காலத்தில் பையோடு கன்றை இறக்கி, மூன்றாம் மாதம் பச்சை இலையைப் படமெடுத்து, பிழைப்பு விகிதம் இவ்வளவு என்று அறிக்கை எழுதுவது. அந்த மூன்று மாதப் பசுமை நாற்றங்கால் மண்ணும் மழையும் தந்த கடன். வேர் பையின் வடிவத்தைத் தாண்டி மேட்டுக்குள் இறங்கியதா என்பதை இலை சொல்லாது. கரிமப்பொருளும் வேர்ப்பூஞ்சையும் இல்லாத அந்த மாவுமணலில் அது இறங்காமலிருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆகவே இத்தகைய நடவுகளை மதிப்பிடும் ஆய்வாளர்களிடமும் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடமும் என் வேண்டுகோள் இது: இரண்டு கோடை கடக்கும்வரை பிழைப்பு விகிதத்தை வெளியிடாதீர்கள். வெளியிடும்போது, நூறு கன்றுக்குப் பத்தையாவது தோண்டி, வேர் எவ்வளவு ஆழம் சென்றது, பூஞ்சை ஒட்டியிருந்ததா, சுற்றியுள்ள மண்ணின் உப்பும் அமிலநிலையும் எவ்வளவு என்பதை இலையின் நிறத்துக்குப் பக்கத்திலேயே அட்டவணையில் கொடுங்கள். தோண்டிய கன்றுகளை இழப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவற்றை ஆய்வுச் செலவாகத் தனியே காட்டலாம்.