கராச்சித் தீயும் காட்டுப்பள்ளிக் கப்பலும்

டிசம்பர் 4 வந்தால் கடற்படை தினம். கராச்சித் தாக்குதலைச் சொல்லிச் சொல்லி ஆட்சியாளர்கள் மார்தட்டுவார்கள். அந்த உரைகளில் ஒரு பெயர் மட்டும் தவறாமல் விடுபட்டுப் போகிறது: அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படை.

1971 டிசம்பர் 4 இரவு நிபட், நிர்கட், வீர் என்ற மூன்று சிறிய ஏவுகணைப் படகுகள் கராச்சியை நெருங்கி, கைபர், முஹாஃபிஸ் என்ற பாகிஸ்தானியப் போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. படகுகளும் ஏவுகணைகளும் சோவியத் ஒன்றியம் தந்தவை. கிழக்கே விக்ராந்த் கப்பலின் விமானங்கள் சிட்டகாங், காக்ஸ் பஜார் மீது குண்டு வீசின. டாக்காவின் இராணுவ ஆட்சிக்குக் கடல்வழி அடைபட்டது. ஆனால் அந்த வழியில் முதல் அடி கொடுத்தவர்கள் வங்காளிகளே. ஆகஸ்ட் நடுவிலேயே அவர்களது நீர்மூழ்கு வீரர்கள் சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் துறைகளில் நீந்திச் சென்று, நின்றிருந்த கப்பல்களின் அடியில் வெடிகளை ஒட்டி வைத்துத் தகர்த்தனர். பிரான்சில் பாகிஸ்தானின் மாங்ரோ நீர்மூழ்கிக் கப்பலை விட்டு வெளியேறிய வங்காளி மாலுமிகளும் அப்படையில் இருந்தனர். அது ஒரு மக்களின் விடுதலைப் போர். அம்மக்களின் பெயரையே இன்று வசைச்சொல்லாக்கி வாக்குக் கேட்பவர்களுக்கு இது நினைவிருக்க நியாயமில்லை.

அந்தப் போரை நிறுத்த நிக்சன் அனுப்பியதே அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலான எண்டர்பிரைஸ். ஏழாவது கப்பற்படையின் அந்த அணி வங்கக் கடலுக்குள் நுழைந்தது, இந்தியாவை மிரட்டத்தான். பாதுகாப்பு சபையில் மூன்று முறை தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தியதும், அமெரிக்க அணியைப் பின்தொடரத் தன் கப்பல்களை அனுப்பியதும் சோவியத் ஒன்றியம். டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணாகதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

2007இல் அதே வங்கக் கடலில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களுடன் மலபார் கூட்டுப்பயிற்சி நடந்தபோது, இடதுசாரிகள் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திற்குப் பிரச்சாரப் பயணம் சென்றனர். அன்று அதைப் பழைய பாட்டு என்று ஏளனம் செய்தார்கள். 2016இல் மோடி அரசு அமெரிக்கப் படைகளுக்கு எரிபொருளும் பழுதுபார்ப்பும் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

காலம் மாறிவிட்டது என்பதே இவர்களின் வாதம். ஏழாவது கப்பற்படை மாறியதா? 2021 ஏப்ரலில் அதன் போர்க்கப்பல் ஒன்று லட்சத்தீவுக்கு அருகே, இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்திற்குள் புகுந்தது. இந்தியாவின் அனுமதியைக் கேட்கவில்லை என்று அந்தப் படையே அறிக்கை விட்டது. தில்லி கவலை தெரிவித்ததோடு சரி. பதினாறு மாதங்கள் கழித்து அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் சார்லஸ் ட்ரூ பழுதுபார்ப்புக்காகச் சென்னையை அடுத்த காட்டுப்பள்ளிக்கு வந்தது. வரவேற்கப் பாதுகாப்புத் துறைச் செயலாளரே நேரில் வந்திருந்தார்.