டயப்பர் கட்டுவதற்கு முன்: முதியோர் இல்லங்களில் சிறுநீர், மலக் கட்டுப்பாடு குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

முதியோர் இல்லத்தில் ஒருவரைச் சேர்க்க வருகிறவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, "டயப்பர் போடுறாங்களா?" ஆமாம் என்றால் மாதக் கட்டணம் ஒரு படி ஏறும். இல்லை என்றால் பேச்சு சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் நகர்ந்துவிடும். ஏன் போடுகிறார்கள், எப்போதிருந்து, பகலிலுமா அல்லது இரவில் மட்டுமா, இதற்காக மருத்துவர் யாரிடமாவது காட்டினீர்களா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் முதியோர் பராமரிப்பில் இருப்பவர்களின் அமைப்பு செட்டியார்பட்டியிலிருந்து வெளியிடும் இந்த அறிக்கை, அப்படி விடுபட்டுப்போன கேள்விகளைப் பற்றியது.

காரணம் என்னவென்று பார்க்காமல் எந்த முதியவருக்கும் நிரந்தரமாக டயப்பர் கட்டக் கூடாது. ஆள் போதவில்லை என்பதற்காகச் சிறுநீர்க் குழாய் போடக் கூடாது. படுக்கை நனையக் கூடாது என்பதற்காகக் குடிக்கிற தண்ணீரைக் குறைக்கக் கூடாது. இந்த மூன்றில் எதைச் செய்தாலும் அது புறக்கணிப்பு என்பதே அமைப்பின் நிலைப்பாடு.

இதை இந்த மாவட்டத்தில் உரக்கச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. 2010இல் விருதுநகர் மாவட்டத்தின் பெயரோடு சேர்ந்து 'தலைக்கூத்தல்' நாடெங்கும் செய்தியானது. படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுத்துச் சாகவிடும் வழக்கம் அது. தேசிய விருது பெற்ற 'பாரம்' படம் அதைத்தான் கதையாக எடுத்துக்கொண்டது. வறுமை, சொத்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமை என்று அதன் பின்னால் பல காரணங்கள் பேசப்பட்டன. ஆனால் ஒரு குடும்பம் "இனி எங்களால முடியாது" என்று சொல்லும் நாள், பெரும்பாலும் எல்லாம் படுக்கையிலேயே போகத் தொடங்கிய நாள்தான் என்பது பராமரிப்பில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். சிறுநீரை அடக்க முடியாமல் போவது முதியவர்களை இல்லங்களில் சேர்ப்பதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று என்பதை உலகின் பல நாடுகளிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

"வயசானா அப்படித்தான்" என்ற வாக்கியம்தான் இதில் முதல் எதிரி. முதுமை மருத்துவத்தின் தொடக்கமே அந்த வாக்கியத்தை மறுத்ததில் இருக்கிறது. 1935இல் லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவர், பக்கத்து ஏழைகள் விடுதியில் கிடத்தப்பட்டிருந்த 700க்கும் மேற்பட்டோரின் பொறுப்பை ஏற்றார். ஒவ்வொருவரையும் பரிசோதித்தார், எழுப்பி உட்கார வைத்தார், நடக்கப் பழக்கினார். தேறவே மாட்டார்கள் என்று விடப்பட்டிருந்த பலர் வீடு திரும்பினார்கள். பின்னர் பெர்னார்ட் ஐசக்ஸ், முதுமையின் நான்கு பெரும் பூதங்களாக அசைவின்மை, தடுமாறி விழுதல், அறிவுத்திறன் குறைதல் ஆகியவற்றோடு கட்டுப்பாடிழப்பையும் சேர்த்தார். நான்குமே தேடிப் பார்த்துச் சிகிச்சை தர வேண்டியவை என்பதுதான் அவர் சொல்ல வந்தது. தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலமும் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978லேயே வி.எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் அங்கே மேற்படிப்பும் வந்தது. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. செட்டியார்பட்டியிலிருந்து அதெல்லாம் 500 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் கீழே சொல்லப்படும் எதற்கும் சென்னைக்குப் போக வேண்டியதில்லை.

காரணங்கள் பலவும் மாத்திரை டப்பாவிலேயே கிடைக்கும். நீர் பிரிய ஃபுரோசமைடு மாத்திரையை மாலையில் கொடுத்தால் இரவு முழுக்க ஓட வேண்டியதுதான். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்குக் காலில் வீக்கம் தரும். பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் சேர்ந்து இரவில் சிறுநீராக வரும். நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலினும் சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் அவிலும் சிறுநீரை அடைக்கும், மலத்தை இறுக்கும், வயதானவரைக் குழப்பும். சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின் வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றித்தான். தூக்க மாத்திரை போட்டவருக்கு எழ வேண்டும் என்ற உணர்வே வராது.

ஆண்களுக்கு புராஸ்டேட் வீங்கி, சிறுநீர்ப்பை நிரம்பிச் சொட்டிக்கொண்டே இருக்கும். 'அடக்க முடியவில்லை' என்று வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் போக முடியாமல் வழிகிறது. பெண்களில் அடியிறக்கத்தை வருடக்கணக்காக யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. வரிசையாகப் பிள்ளை பெற்று, வயலிலும் மில்லிலும் பாரம் தூக்கிய தலைமுறை அது. பெண் செவிலியர் தனியே உட்கார்ந்து கேட்டால் ஒழிய அந்தப் பேச்சு வெளியே வராது. இன்னும் சிலருக்கு உடலில் கோளாறே இருக்காது. கழிப்பறை தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும், விளக்கு எரியாது, முழங்கால் மடங்காது, புடவையை ஒதுக்குவதற்குள் நேரம் கடந்துவிடும். அவர்களுக்குத் தேவை கட்டிலருகே ஒரு கமோடு நாற்காலி.

அதிகம் தவறவிடப்படுவது மலச்சிக்கல்தான். நான்கைந்து நாளாகச் சரியாகப் போகாதவருக்குத் திடீரென்று நீராகக் கசியும். துணி மாற்ற மாற்றப் போகும். "வயித்தால போகுது" என்று நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். மலக்குடலில் கல்லாக இறுகிக் கிடக்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு மேலிருந்து வழிகிற நீர் அது. மாத்திரை அந்தக் கல்லை இன்னும் இறுக்கும். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் சிறுநீரும் கசியும், சிலருக்கு அடைத்தே போகும். கையுறை போட்ட விரலால் ஒரு நிமிடம் பரிசோதித்தால் பல நேரம் விஷயம் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் டயப்பர் மாற்றும் இல்லங்கள் உண்டு. பயிற்சி பெற்ற செவிலியர், முதியவரின் சம்மதத்தோடு, திரைக்குப் பின்னால் இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும். நீராகப் போகும் எவருக்கும் அதற்கு முன்பு நிறுத்தும் மாத்திரை தரக் கூடாது.

பிரிஸ்டல் மருத்துவர்கள் 1997இல் வெளியிட்ட மல வகைப் படத்தை ஒவ்வொரு கழிப்பறைச் சுவரிலும் ஒட்டலாம். கொட்டை கொட்டையாக இருப்பது முதல் வெறும் நீர் வரை அதில் ஏழு வகைகள். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாம்மாவும் படத்தைத் தொட்டுக் காட்டி "இன்னைக்கு ரெண்டாவது" என்று சொல்லிவிடலாம். காலை ஆகாரத்துக்குப் பிறகு, பாதத்துக்கு அடியில் ஒரு மணைப்பலகை வைத்து, அவசரப்படுத்தாமல் உட்கார வைக்க வேண்டும். காப்பி குடித்தால்தான் வரும் என்று ஊரில் சொல்வதற்கு உடற்கூறிலும் ஆதாரம் இருக்கிறது. வயிற்றுக்குள் ஏதாவது போனதும் பெருங்குடல் அசைகிறது; காப்பி அந்த அசைவைக் கூட்டுகிறது.

சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் மூன்று நாள் குறிப்பேடு எழுத வேண்டும் என்று அமைப்பு கோருகிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை காய்ந்திருக்கிறாரா நனைந்திருக்கிறாரா, எவ்வளவு குடித்தார், எப்போது தானாகக் கேட்டார் என்பவைதான் அதில் இருக்க வேண்டியவை. டயப்பரில் போகிறவருக்கும் அளவு தெரியும்: நனைந்ததையும் காய்ந்ததையும் தராசில் வைத்தால், கூடுகிற ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். இதோடு மாத்திரைப் பட்டியல், சர்க்கரை அளவு, வயிறு மற்றும் ஆசனவாய்ப் பரிசோதனை, போய் முடித்தபின் பையில் எவ்வளவு தங்குகிறது என்ற ஸ்கேன். 200 மில்லிலிட்டருக்கு மேல் தங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சாதாரண வயிற்று ஸ்கேனிலேயே இது தெரிந்துவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீடுகளுக்குச் செல்வதுபோல இல்லங்களுக்கும் முறையாக வர, மாவட்டச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் அமைப்புக்கு இரண்டு கருத்து இல்லை. கோடையில் இந்த வட்டாரம் எப்படிக் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஆறு மணிக்கு மேல தண்ணி கிடையாது" என்ற விதி நாளடைவில் நான்கு மணியாகி, பிறகு முதியவரே பயந்து பகலிலும் குடிக்காமல் இருப்பதில் முடிகிறது. சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், நீர்க்கடுப்பு வரும், மலம் இறுகும், மூளை குழம்பும். நனைவது குறையாது, கூடத்தான் செய்யும். ஜப்பானில் டயப்பர் இல்லாத முதியோர் இல்லங்களுக்காக இயங்கிய தகாஹிதோ தகேஉச்சி என்ற பேராசிரியர் முதலில் கேட்டது தண்ணீரைத்தான், நாளைக்கு 1500 மில்லிலிட்டர். இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவு வேறு. இரவில் அடிக்கடி எழுபவருக்கு மாலைக் காப்பியை முன்னதாகக் கொடுப்பதில் தவறில்லை. பகல் தண்ணீரில் மட்டும் கை வைக்கக் கூடாது.

காரணங்களைச் சரிசெய்த பிறகும் நனைகிறவர்களுக்கு, அமெரிக்க இல்லங்களில் 1980களில் ஜான் ஷ்னெல்லும் சகாக்களும் சோதித்த எளிய முறை இருக்கிறது. பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை போய், நனைந்திருக்கிறதா என்று கேட்பது, போக வேண்டுமா என்று கேட்பது, சரி என்றால் அழைத்துப்போவது, காய்ந்திருந்தால் நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்வது. 100 பேரில் 25 முதல் 40 பேர் வரை இதற்கு நன்றாக ஒத்துழைக்கிறார்கள். யார் அவர்கள் என்பது மூன்று நாளில் தெரிந்துவிடுகிறது. மறதி நோய் முற்றியவர் வாயால் கேட்க மாட்டார். அவர் துணியை இழுப்பார், எழுந்து எழுந்து உட்காருவார், மூலையைத் தேடுவார். இதையெல்லாம் 'அடம்' என்று எழுதிவைப்பவர் கண்ணிருந்தும் பார்க்காதவர்.

மீதிப் பேருக்கு இந்த முறை பலிக்காது என்பதையும் அறிக்கை மறைக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது நல்ல பேடு, நேரத்துக்கு மாற்றும் கை, தோல் பராமரிப்பு. கடைசி நாட்களில் இருப்பவருக்கு டயப்பர் நிம்மதி தருமென்றால் அதைத் தராமல் விடுவதுதான் கொடுமை. அதைவிடக் கடினமான மறுப்பு இல்லம் நடத்துபவர்களிடமிருந்து வருகிறது: ஆள் எங்கே? அழைத்துப்போவது டயப்பர் மாற்றுவதைவிட அதிக நேரம் எடுக்கும், அது உண்மை. இரவில் ஒரே ஆயாம்மா மொத்தக் கூடத்தையும் பார்க்கும் இடத்தில் எந்த முறையும் நடக்காது. ஆகவே பகலிலும் இரவிலும் எத்தனை பேருக்கு ஒரு பராமரிப்பாளர் என்பதை ஒவ்வொரு இல்லமும் வாசலில் எழுதி வைக்க வேண்டும். கட்டணம் பேசும்போது குடும்பத்தார் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, அதில் 150 பேருக்காவது இடம் என்று சொல்கிறது. உள்ளே இருப்பவரைக் கழிப்பறைக்கு யார் அழைத்துப்போவது என்று அது சொல்லவில்லை. அமெரிக்காவில் 1987 சட்டத்தின் வழி வந்த விதிகளோ, கட்டுப்பாட்டோடு வந்தவர் அதை இழக்காமல் பார்ப்பதும், மருத்துவக் காரணமின்றிக் குழாய் போடாமலிருப்பதும் இல்லத்தின் கடமை என்கின்றன. தமிழக அரசு தன் இல்ல விதிகளில் இவ்விரண்டையும் எழுத வேண்டும்.

குழாய் போட்ட ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேரின் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும். குழம்பிய முதியவர் குழாயை இழுத்து ரத்தம் வரவைத்துக்கொள்வார். அதைத் தடுக்கக் கையைக் கட்டுவார்கள். சிறுநீர் அடைத்து வேறு வழியில்லாதபோது, இடுப்பின் பின்புறம் ஆழமான படுக்கைப் புண் நனையும்போது, இறுதி நாட்களின் ஆறுதலுக்கு என்று சில சந்தர்ப்பங்களில் மட்டுமே அது சரி. மருத்துவமனையிலிருந்து குழாயோடு அனுப்பப்படும் ஒவ்வொருவரின் சீட்டிலும் ஏன் போட்டது, எந்தத் தேதியில் எடுப்பது என்று எழுதி வாங்காமல் இல்லம் அவரைச் சேர்க்கக் கூடாது. இன்னொன்று: காய்ச்சலோ கடுப்போ இல்லாத முதியவரின் சிறுநீரில் கிருமி தெரிவது இல்லங்களில் சகஜம். பெண்களில் நாலில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை இருக்கும். அதற்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்று மருத்துவ வழிகாட்டு நெறிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன.

டயப்பரைத் தவிர்க்க முடியாத இடங்களில் அதன் கழிவுக்கும் ஒழுங்கு வேண்டும். திடக்கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும். ஓடையில் வீசும் இல்லங்கள் மீது பேரூராட்சி நடவடிக்கை எடுக்கட்டும். கூடவே தனி வண்டிக்கும் வழி செய்யட்டும்.

கழிப்பறையில் எளிதாக விலக்கக்கூடிய துணிக்கு இந்த வட்டாரம் வெளியே போக வேண்டியதில்லை. செட்டியார்பட்டிக்குப் பக்கத்துத் தளவாய்புரத்தில் தைக்கும் நைட்டிகள் ஊர் ஊராகப் போகின்றன. சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் மருத்துவமனைகளுக்குப் போகின்றன. பின்பக்கம் முழுதாகத் திறந்து மடியும் நைட்டி, இடுப்பில் நாடாவுக்குப் பதில் ஒட்டுப்பட்டை வைத்த பாவாடை, உட்கார்ந்தபடியே விலக்கக்கூடிய வேட்டி, துவைத்துத் திரும்பப் போடக்கூடிய பல அடுக்குப் பேடு ஆகியவற்றைத் தைத்துப் பார்க்க இரு ஊர்களின் தயாரிப்பாளர்களையும் அமைப்பு அழைக்கிறது. மாதிரிகளை முதலில் உடுத்திப் பார்த்துக் குறை சொல்ல வேண்டியவர்கள் இல்லங்களில் இருக்கும் முதியவர்கள். அளவெடுக்க வருகிறவர்கள் நின்றபடி எடுக்காமல், அவர்களைக் கமோடு நாற்காலியில் உட்கார வைத்து எடுக்க வேண்டும்.